கால்சட்டை தைத்த மாளிகைப் பெண்

ஏழைகளின் துயரத்தை மாறுவேடத்தில் சென்று கண்டவர். நாட்டின் சட்டம் மாறுவதற்கு வழி வகுத்தவர். பியாட்ரிஸ் வெப் அம்மையாரின் வாழ்க்கை வரலாறு.

1888-ம் ஆண்டு. வசந்த காலம். லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதி.

அங்கே ஒரு தையல் பட்டறை. பெண்கள் நெருக்கமாக உட்கார்ந்து கால்சட்டை தைத்துக்கொண்டு இருந்தார்கள். காலையில் குனிந்த தலை, இரவில்தான் நிமிரும். தைத்துக் கொடுக்கும் உருப்படிக்குத்தான் கூலி. கை ஓய்ந்தால் வயிறும் காயும்.

அந்தப் பட்டறைக்கு ஒரு புதுப் பெண் வேலைக்கு வந்தாள். பழைய உடுப்பு அணிந்து இருந்தாள். உயரமானவள், அழகி. ஆனால் தையல் மட்டும் அவளுக்குச் சரியாக வரவில்லை.

அவள் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அவள் ஒரு ரெயில் கம்பெனித் தலைவரின் மகள்! மந்திரிகளோடும் அறிஞர்களோடும் ஒரே மேஜையில் விருந்து உண்டவள். அவளுடைய வீட்டில் வேலைக்காரர்கள் மட்டுமே ஒரு கூட்டம் இருந்தார்கள்.

அப்படிப்பட்டவள் கூலிக்குக் கால்சட்டை தைக்க வந்தது ஏன்?

ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடி வந்தாள். உழைக்கிறவர்கள் ஏன் ஏழைகளாகவே இருக்கிறார்கள் என்பதுதான் அந்தக் கேள்வி.

அந்தப் பெண்தான் பியாட்ரிஸ். பிற்காலத்தில் பியாட்ரிஸ் வெப் அம்மையார் என்று உலகம் புகழ்ந்த மாதரசி.

எட்டாவது பெண்

பியாட்ரிஸ் 1858-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி பிறந்தார். இங்கிலாந்தில் குளஸ்டர் நகருக்கு அருகே உள்ள ஸ்டாண்டிஷ் மாளிகைதான் அவர் பிறந்த வீடு.

தந்தையின் பெயர் ரிச்சர்டு பாட்டர். மர வியாபாரத்திலும் ரெயில் கம்பெனிகளிலும் பெரும் பொருள் சேர்த்தவர். அவருக்கு ஒன்பது பெண்கள். பியாட்ரிஸ் எட்டாவது பெண்.

சிறு வயதில் பியாட்ரிசுக்கு அடிக்கடி உடம்புக்கு வந்துவிடும். அதனால் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. வீட்டில் இருந்த புத்தகங்களே அவருக்கு ஆசிரியர்கள். குடும்ப நண்பரான ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற தத்துவ அறிஞர், எதையும் ஆராய்ந்து பார்க்கும் பழக்கத்தை அவருக்கு ஊட்டினார். இளம் வயதிலேயே நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அந்தப் பழக்கம் சாகும்வரை தொடர்ந்தது.

1882-ல் தாயார் இறந்தார். மூத்த சகோதரிகள் பலருக்குத் திருமணம் ஆகிவிட்டது. 24-வது வயதில் மாளிகையை நிர்வகிக்கும் பொறுப்பு பியாட்ரிசின் தலையில் விழுந்தது. விருந்துகள், விருந்தாளிகள் என்று நாட்கள் ஓடின.

நிறைவேறாத காதல்

1883-ல் ஜோசப் சேம்பர்லின் என்ற அரசியல் தலைவரைச் சந்தித்தார். அவர் மந்திரி. பெரிய பேச்சாளர். இரண்டு மனைவியரை இழந்தவர். பியாட்ரிஸ் அவரிடம் மனதைப் பறிகொடுத்தார்.

ஆனால் ஒரு தடை குறுக்கே நின்றது. வீட்டில் தம்முடைய அபிப்பிராயத்துக்கு மாறாக மனைவி பேசக்கூடாது என்று நினைத்தவர் சேம்பர்லின். சொந்தமாகச் சிந்திப்பதை விட்டுவிடப் பியாட்ரிசால் முடியவில்லை. மனம் ஒரு பக்கம் இழுத்தது; அறிவு மறுபக்கம் இழுத்தது. பல ஆண்டுகள் இந்தப் போராட்டத்தில் தவித்தார்.

கடைசியில் 1888-ல் சேம்பர்லின் அமெரிக்கப் பெண் ஒருவரை மணந்துகொண்டார். அந்தத் துயரத்தை மறக்கப் பியாட்ரிஸ் கண்டுபிடித்த மருந்து, வேலை.

மாறுவேடம்

பியாட்ரிசை வளர்த்த தாதி மார்த்தா என்பவர். பியாட்ரிசின் தாய்வழி உறவினர்கள் சிலர் லங்காஷயரில் உள்ள பேக்கப் என்ற ஊரில் ஆலைத் தொழிலாளிகளாக வாழ்கிறார்கள் என்ற செய்தி, மார்த்தா மூலம் அவருக்குத் தெரிந்தது.

மாளிகையில் வாழும் தமக்கு ஆலைத் தொழிலாளிகள் சொந்தமா! பியாட்ரிசுக்கு வியப்பு. 1883-ல் தாதியுடன் அந்த ஊருக்குப் போனார். தம் பெயரைச் சொல்லவில்லை. வேல்ஸ் நாட்டு விவசாயி ஒருவரின் மகள் என்று சொல்லிக்கொண்டார். மிஸ் ஜோன்ஸ் என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர்.

தொழிலாளிகளின் வீட்டிலேயே தங்கினார். அவர்கள் உண்டதை உண்டார். அங்கே கண்ட காட்சி அவரை மாற்றியது. அந்த ஏழைகள் சோம்பேறிகள் அல்ல, குடிகாரர்களும் அல்ல. கோவில், சங்கம், கூட்டுறவுக் கடை என்று ஒருவருக்கு ஒருவர் கைகொடுத்து மானமாக வாழ்ந்தார்கள்.

பிறகு லண்டன் துறைமுகத்துக்கு அருகே ஏழைகளுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பில் வாடகை வசூலிக்கும் பொறுப்பை ஏற்றார். வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு கதை இருந்தது. வேலை போன கணவன், நோயில் விழுந்த மனைவி, இருமும் குழந்தை. நல்ல மனம் படைத்த சீமாட்டிகள் கொடுக்கும் தர்மம், கொட்டும் மழையில் ஒரு கைக்குடை போன்றது என்று உணர்ந்தார்.

அந்தச் சமயத்தில் சார்லஸ் பூத் என்ற கப்பல் முதலாளி, லண்டன் மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்துகொண்டு இருந்தார். அவருடைய மனைவி பியாட்ரிசின் உறவினர். பியாட்ரிசும் அந்த வேலையில் சேர்ந்தார். லண்டனில் 100-க்கு 30 பேர் வறுமையில் வாடுவதாகப் பூத் கணக்கு எடுத்துக் காட்டினார். உலகிலேயே பெரிய பணக்கார நகரத்தில் இப்படி ஒரு கணக்கு! நாடே திடுக்கிட்டது.

இந்த ஆராய்ச்சிக்காகத்தான் பியாட்ரிஸ் தையல் பட்டறைக்குள் நுழைந்தார். கண்டதைப் பத்திரிகையில் எழுதினார். பிரபுக்கள் சபை அமைத்த விசாரணைக் கமிட்டி முன்பு சாட்சியும் சொன்னார். அவர் பெயர் நாடு எங்கும் பரவியது.

ஆமைச் சங்கம்

இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.

1884-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி லண்டனில் ஒரு வீட்டின் அறையில் சில பேர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் பெயர் பேபியன் சங்கம்.

பேபியஸ் என்பவர் பழங்கால ரோமாபுரியின் தளபதி. பெரும் வீரனான ஹானிபாலை எதிர்த்து அவசரப்பட்டுப் போரில் இறங்காமல், காலம் பார்த்துக் காத்திருந்தவர். அவர் பெயரையே சங்கத்துக்கு வைத்தார்கள். ஆமை அந்தச் சங்கத்தின் சின்னம் ஆயிற்று.

முயலை வென்ற ஆமையை அறியாதவர்கள் யார்? இந்த ஆமையும் மெல்லத்தான் நடந்தது. ரத்தம் சிந்தும் புரட்சி வேண்டாம், உண்மைகளைத் திரட்டுவோம், மலிவு விலையில் அச்சிடுவோம், எந்தக் கட்சிக்காரர் ஆனாலும் அவர் காதில் போட்டுக்கொண்டே இருப்போம், சட்டத்தின் மூலம் மாற்றம் வரட்டும். இதுதான் சங்கத்தின் வழி. பலர் ஏழைகளாக இருப்பது ஏன் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து முதல் பிரசுரத்தை வெளியிட்டார்கள்.

நாடக மேதை பெர்னார்ட் ஷா இந்தச் சங்கத்தின் தூண். பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து நம் நாட்டின் விடுதலைக்குப் பாடுபட்ட அன்னி பெசன்ட் அம்மையாரும் 1885-ல் இதில் சேர்ந்து சில ஆண்டுகள் உழைத்தார். சங்கத்தின் நடமாடும் நூல் நிலையமாக விளங்கியவர் சிட்னி வெப்.

இரு துருவங்கள்

1890-ம் ஆண்டு ஜனவரி மாதம் பியாட்ரிஸ் தம் ஆராய்ச்சிக்குச் சில விவரங்கள் தேடினார். சிட்னி வெப்பைக் கேட்டால் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். இருவரும் சந்தித்தார்கள்.

சிட்னி குள்ளமானவர். பெரிய தலை. அவருடைய தாயார் லண்டனில் சிறு கடை நடத்தியவர். சிட்னி பரீட்சை எழுதி சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்தவர். பியாட்ரிசோ மாளிகையில் பிறந்த அழகி.

சிட்னி காதல் கொண்டார். பியாட்ரிஸ் முதலில் மறுத்தார். ஆனால் சிட்னியின் அறிவும் பொறுமையும் அவர் மனதை மெல்ல மெல்ல வென்றன. காதலிலும் ஆமைதான் ஜெயித்தது!

1891-ல் ரகசியமாக நிச்சயம் செய்துகொண்டார்கள். தந்தை நோயில் படுத்து இருந்தார். அவர் மனம் நோகக்கூடாது என்று காத்திருந்தார்கள். 1892-ம் ஆண்டு முதல் நாள் தந்தை காலமானார். அதே ஆண்டு ஜூலை மாதம் திருமணம் நடந்தது. பியாட்ரிஸ் ஒரு சோஷலிஸ்டை மணக்கப்போவது தெரிந்ததும் ஸ்பென்சர் மனம் வருந்தினார். தம் எழுத்துக்களைப் பாதுகாக்கும் பொறுப்பைப் பியாட்ரிசுக்குத் தர இருந்தவர், அதை மாற்றிவிட்டார்.

புது மணத் தம்பதிகள் தேனிலவுக்கு எங்கே போனார்கள் தெரியுமா? டப்ளின் நகரத்துக்கும் கிளாஸ்கோ நகரத்துக்கும்! தொழிற்சங்கங்களின் பழைய ஏடுகளைப் புரட்டுவதற்காக!

தந்தை விட்டுச் சென்ற சொத்தில் பியாட்ரிசுக்கு ஆண்டுக்கு 1,000 பவுன் வருமானம் வந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அந்த வருமானத்தைக் கொண்டு எளிமையாக வாழ்ந்து, இருவரும் ஆராய்ச்சியிலேயே காலத்தைச் செலவிட்டார்கள். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. புத்தகங்களே குழந்தைகள். 1894-ல் தொழிற்சங்க வரலாற்றை வெளியிட்டார்கள். தொழிலாளர் எல்லோரும் ஒன்றுசேர்ந்து முதலாளியிடம் கூலி பேசுவதற்கு இன்று உலகம் எங்கும் வழங்கும் ஆங்கிலப் பெயரை முதலில் எழுத்தில் கொண்டுவந்தவர் பியாட்ரிஸ்தான்.

காலை உணவில் பிறந்த கல்லூரி

1894-ல் டெர்பி நகரத்து வக்கீல் ஹட்சின்சன் என்பவர் இறந்தார். பேபியன் சங்கத்தின் பணிகளுக்காகச் சுமார் 20,000 பவுனை உயில் எழுதி வைத்திருந்தார்.

சங்கத்துக்கு எதிர்பாராத செல்வம்! இதை என்ன செய்வது? தேர்தலில் செலவு செய்யலாம். ஊர் ஊராகக் கூட்டம் போடலாம்.

ஆகஸ்டு மாதம் ஒரு நாள். சர்ரே பகுதியில் ஒரு பண்ணை வீடு. வெப் தம்பதிகள், பெர்னார்ட் ஷா, கிரகாம் வாலஸ் ஆகிய நால்வரும் காலை உணவுக்கு உட்கார்ந்தார்கள். எழுந்தபோது முடிவு பிறந்துவிட்டது. கூட்டமும் கொடியும் ஒரு நாளோடு போகும். படிப்பு நிலைத்து நிற்கும். பொருளாதாரமும் அரசியலும் கற்பிக்க ஒரு கல்லூரி தொடங்குவது என்று தீர்மானித்தார்கள்.

அப்படி 1895-ல் பிறந்ததுதான் லண்டன் பொருளாதாரக் கல்லூரி. டாக்டர் அம்பேத்கார் அங்கே படித்து டாக்டர் பட்டம் பெற்றார். பின்னாளில் இந்திய ஜனாதிபதியான கே. ஆர். நாராயணனும் அங்கே படித்தவர்.

நால்வர் தனித்து நின்றனர்

அக்காலத்தில் இங்கிலாந்தில் ஏழைகள் சட்டம் என்று ஒரு சட்டம் இருந்தது. 1834-ல் வகுத்த முறைப்படி அது நடந்து வந்தது. பிழைக்க வழி இல்லாதவர்கள் 'ஒர்க் ஹவுஸ்' என்ற ஏழை விடுதிக்குப் போகவேண்டும்.

அதை விடுதி என்பதா, சிறை என்பதா? உள்ளே போனால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். குழந்தைகள் வேறு பக்கம். ஆண்கள் கல் உடைக்கவேண்டும். பழைய கப்பல் கயிறுகளைப் பிரித்து நார் எடுக்கவேண்டும். வெளியே கூலி வேலை செய்யும் பரம ஏழையின் வாழ்வைவிட உள்ளே வாழ்வு மோசமாக இருக்கவேண்டும் என்பதே விதி. அப்போதுதான் யாரும் உதவி தேடி வரமாட்டார்களாம்! கிழவர், நோயாளி, அநாதைக் குழந்தை, சித்தம் கலங்கியவர், வேலை இல்லாதவர் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் அடைத்தார்கள்.

இந்தச் சட்டத்தை ஆராய 1905-ம் ஆண்டு டிசம்பரில் சர்க்கார் ஒரு கமிஷனை அமைத்தது. பியாட்ரிஸ் அதில் ஓர் அங்கத்தினர். மூன்று ஆண்டுகளுக்கு மேல் விசாரணை நடந்தது. பியாட்ரிஸ் ஏழை விடுதிகளைச் சுற்றிப் பார்த்தார். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார். மற்ற அங்கத்தினர்களுக்கு அவரைக் கண்டாலே எரிச்சல்.

கமிஷனில் கருத்து பிளந்தது. பெரும்பாலோர், வறுமைக்கு அவரவர் ஒழுக்கக் குறைவு ஒரு முக்கியக் காரணம் என்றே நினைத்தார்கள். பழைய முறையைச் சீர்திருத்தினால் போதும் என்பது அவர்கள் எண்ணம். பியாட்ரிஸ் ஒப்புக்கொள்ளவில்லை. பேக்கப் ஊரிலும் தையல் பட்டறையிலும் கண்ட முகங்களை அவர் மறக்கவில்லை.

1909-ல் அவர் தனி அறிக்கை கொடுத்தார். தொழிலாளர் தலைவர் ஜார்ஜ் லான்ஸ்பரியும் இன்னும் இருவரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் நான்கே பேர்! அறிக்கையை உருவாக்குவதில் சிட்னியின் பங்கு மிகப் பெரியது.

அந்த அறிக்கை என்ன சொன்னது? ஏழைகள் சட்டத்தையே கலைத்துவிடுங்கள். குழந்தைகளைக் கல்வித் துறை பார்க்கட்டும். நோயாளியைச் சுகாதாரத் துறை பார்க்கட்டும். முதியவருக்குப் பென்ஷன் கொடுங்கள். வேலை இல்லாதவருக்கு வேலை தேடிக் கொடுக்கவும் தொழில் கற்றுக் கொடுக்கவும் ஒரு மந்திரி இருக்கட்டும். நாட்டில் பிறந்த எவரும் ஒரு குறைந்தபட்ச வாழ்வுக்குக் கீழே விழாமல் காப்பது நாட்டின் கடமை.

தோல்வியும் தவறும்

பேபியன் சங்கம் அந்த அறிக்கையை மலிவுப் பதிப்பாக வெளியிட்டது. நாடு முழுவதும் பிரசாரம் நடந்தது. பிரசாரத்துக்கு உதவ ஓர் இளம் வக்கீல் வந்தார். கூச்ச சுபாவம் உள்ளவர். அவர் பெயர் கிளமென்ட் அட்லி.

ஆனால் சர்க்கார் அறிக்கையை ஏற்கவில்லை. 1911-ல் லாயிட் ஜார்ஜ் வேறு வழியில் இன்ஷூரன்ஸ் சட்டத்தைக் கொண்டுவந்தார். பியாட்ரிசின் பிரசாரம் ஓய்ந்தது. மனச் சோர்வுடன் தம்பதிகள் கீழ்நாடுகளைச் சுற்றிப்பார்க்கப் புறப்பட்டார்கள். 1912-ன் தொடக்கத்தில் இந்தியாவிலும் பிரயாணம் செய்தார்கள். திரும்பிய பிறகு, 1913-ல் 'நியூ ஸ்டேட்ஸ்மன்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். ஆமை மறுபடியும் நடந்தது.

பியாட்ரிஸ் தவறே செய்யாதவர் அல்ல. பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டாம் என்ற அறிக்கையில் 1889-ல் கையெழுத்துப் போட்டார். 1906-ல் அது பிசகு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, பெண்கள் பக்கம் சேர்ந்தார்.

இன்னொரு தவறு பெரியது. 1932-ல், 74-வது வயதில், சிட்னியுடன் ரஷியாவுக்குப் போனார். 1935-ல் இருவரும் அந்த நாட்டைப் புகழ்ந்து இரண்டு பாகங்களில் புத்தகம் எழுதினார்கள். 1932-33ல் அங்கே லட்சக்கணக்கான மக்கள் பஞ்சத்தில் மடிந்தார்கள். ஸ்டாலின் ஆட்சியின் கொடுமையை வெப் தம்பதிகள் காணத் தவறினார்கள். பேக்கப் ஊருக்கு மாறுவேடத்தில் சென்றவர், ரஷியாவுக்கு சர்க்கார் விருந்தாளியாகச் சென்றார். விருந்தாளிக்கு வீட்டுக்காரர் காட்டியதுதானே தெரியும்?

பட்டம் பதவிகளை அவர் விரும்பியது இல்லை. 1929-ல் சிட்னி மந்திரியாகிப் பிரபு பட்டம் பெற்றபோது, தம்மைச் சீமாட்டி என்று அழைக்கக்கூடாது என்று மறுத்துவிட்டார். கடைசி வரை வெறும் வெப் அம்மையாராகவே இருந்தார்.

ஆமை வென்றது

1942-ம் ஆண்டு டிசம்பர். உலக யுத்தம் உச்சத்தில் இருந்தது. அப்போது லண்டனில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. பிறப்பு முதல் இறப்பு வரை எல்லா மக்களுக்கும் பாதுகாப்புத் தரும் திட்டம் அது. வாங்குவதற்கு மக்கள் வரிசையில் நின்றார்கள்.

அதை எழுதியவர் வில்லியம் பெவரிட்ஜ். 1908-ல் அவரை மந்திரி சர்ச்சிலிடம் அறிமுகம் செய்து வைத்தவர்களே வெப் தம்பதிகள்தான். அந்தத் தம்பதிகளிடம் கற்றதில் இருந்தே தம் திட்டத்தின் வேர் முளைத்தது என்று பெவரிட்ஜ் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

அம்மையாருக்கு அப்போது 84 வயது. ஹாம்ப்ஷயரில் உள்ள கிராம வீட்டில் அமைதியாக வாழ்ந்துகொண்டு இருந்தார். 1943-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி அவர் ஆவி பிரிந்தது. அவருடைய அஸ்தி வீட்டுத் தோட்டத்தில் புதைக்கப்பட்டது.

1945-ல் தேர்தல் வந்தது. தொழில் கட்சி வெற்றி பெற்றது. அக்கட்சியின் பாராளுமன்ற அங்கத்தினர்களில் பாதிப் பேருக்கு மேல் பேபியன் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். பிரதம மந்திரி யார்? அன்று அம்மையாரின் அறிக்கைக்காகப் பிரசாரம் செய்த அதே கிளமென்ட் அட்லி!

1947-ல் சிட்னியும் காலமானார். பெர்னார்ட் ஷாவின் முயற்சியால் இருவரின் அஸ்தியும் வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தில் வைக்கப்பட்டது. மன்னர்களும் மகா கவிஞர்களும் துயிலும் இடம் அது. பிரதம மந்திரி அட்லி அங்கே அஞ்சலி உரை ஆற்றினார்.

1948-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி புதிய சட்டங்கள் அமுலுக்கு வந்தன. ஏழைகள் சட்டம் ஒழிந்தது. காசு கேட்காமல் எல்லோருக்கும் வைத்தியம் செய்யும் திட்டமும் அதே நாளில் தொடங்கியது.

நான்கு பேர் கையெழுத்துப் போட்ட அறிக்கை. சர்க்கார் தள்ளிய அறிக்கை. அதன் அடிப்படைக் கருத்து 39 ஆண்டுகளுக்குப் பிறகு நாட்டின் சட்டம் ஆயிற்று. அதைக் காண அம்மையார் உயிருடன் இல்லை.

ஆனால் அன்று மருத்துவமனைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன ஏழைத் தாய், காசுக்காகக் கையைப் பிசையவில்லை. அவளுக்குப் பியாட்ரிஸ் என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை.